பள்ளம் இல்லை என்று சொன்னேன்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஆகஸ்ட் லீவு. தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். பால் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட அம்மா, ஆறு மாதம் கழித்துக் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். முன்னேஸ்வரம் கோயிலுக்கு ஒரு நேர்த்தி பாக்கி. அப்படியே சிலாபத்தில் கடலையும் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. அம்மா அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. போகிறவர்கள் பதினோரு பேர். வேன் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு எப்போதுமே காலில் வெந்நீர் ஊற்றிய அவசரம். வீட்டில் என்னை முந்திரிக்கொட்டை என்றுதான் சொல்வார்கள்.

தோட்டத்துக்குக் கீழே மெயின் ரோட்டில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் ஒரு குட்டை வேன் இருந்தது. "நானா வேனே போதும்டி. அவருக்கு இந்த ரோடு தெரியும்" என்றார் அம்மா. அதில் நானா கருவாட்டு மூட்டை ஏற்றுவார். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற அம்மாவை அந்த நாற்றத்திலா ஏற்றுவது? ஆண்டுக்கணக்கில் காத்திருந்து போகிற பயணம். திரைச்சீலை, பாட்டுக் கெசட், மெத்தை சீட், எல்லாம் வேண்டும் எனக்கு.

அவிசாவளையில் நான் வேலை செய்த துணிக்கடைக்கு எதிரே அப்படி ஒரு நீள வேன் நின்றது. டிரைவர் சிங்களவர், அந்தப் பக்கத்துக்குப் புதியவர். கார்மென்ட் ஃபேக்டரிப் பிள்ளைகளைக் கொழும்புப் பாதையில் ஏற்றி இறக்குகிறவர். அவர் பாவம், உடைந்த தமிழில்தான் பேச்சைத் தொடங்கினார். நான் விடுவேனா? என் சிங்களத்தை எடுத்து வீசினேன். தோட்டம் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில்தான் என்றேன். அவரும் சிங்களத்துக்கு மாறி, "பல்லம் தியெனவத?" என்று கேட்டார்.

என் காதில் அது பள்ளம் என்றே விழுந்தது. ரோட்டில் குண்டு குழி இருக்கிறதா என்று கேட்கிறார்! போன மாதம்தான் தோட்டத்துத் துரை கல் கொட்டிச் செப்பனிட்டிருந்தார். "எகக்வத் நே" என்றேன். ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம். அவர் மறுபடியும் கேட்டார். எனக்கு எரிச்சல். சத்தியம் பண்ணாத குறையாக இல்லை என்றேன்.

விடியற்காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றுப் பார்சலை மூன்று முறை எண்ணினேன். ஆறு மணிக்கு, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வேன் வந்து நின்றது. இறங்கிய டிரைவர் முகம் கடுகடுவென்றிருந்தது. ஆனாலும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

"நங்கி, பல்லம் இல்ல சொன்னது தானே? இது முழுக்கப் பல்லம்!"

"எங்க பள்ளம்? கல்லு போட்ட ரோடு. ஒரு குழி காட்டுங்க பாப்போம்!"

அவர் கையை மேலிருந்து கீழே சரித்துக் காட்டினார். சிங்களத்தில் பல்லம் என்றால் இறக்கம். எங்கள் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு மைல், முழுவதும் இறக்கம். பிரேக் பழசு, தட்டையான பாதை என்றால் சமாளிக்கலாம், இப்படி என்று தெரிந்திருந்தால் வந்தே இருக்க மாட்டேன் என்றார். ஆளை ஏற்ற மாட்டாராம். நாங்கள் நடந்து இறங்க வேண்டும், வெறும் வண்டியை அவர் கொண்டுவருவார்.

சரி, நாங்கள் நடக்கலாம். அம்மா? அவரை மட்டுமாவது முன் சீட்டில் உட்கார வைக்கிறேன் என்று கதவைத் திறந்தேன். டிரைவர் வந்து கதவைச் சாத்தினார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தோட்டத்து ஆளுங்கன்னா மாடா? நொண்டுற பொம்பளைய நடக்க வெப்பீங்களா?" என்று லயமே கேட்கக் கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. டிரைவர் அம்மாவிடம் திரும்பி, "அம்மே, மெதுவா போங்க. நான் நிக்கிறேன்" என்றார்.

அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து எழுந்தார். நான் முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாக அந்த மனிதனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். நானா கடைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இனி வண்டி இறங்கலாம் என்று அண்ணன் மேலே பார்த்து விசில் அடித்தான்.

கொஞ்ச நேரத்தில் ஹோர்ன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. பிறகு தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

நான் ஓடினேன். பிரேக் போய்விட்டிருந்தது. வலது பக்கம் கிடுகிடு பள்ளத்தாக்கு. அவர் இடது பக்க மண்மேட்டில் வண்டியை உரசி, மோதி நிறுத்தியிருந்தார். நெற்றியில் ரத்தம். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "கீழ ரோட்டுல யாரும் இல்லதானே?"

அப்போதுதான் முன் சீட்டைப் பார்த்தேன். இடது பக்கக் கதவு உள்ளே மடிந்து, சீட்டை இரண்டாக நெரித்திருந்தது. மெத்தை முழுவதும் கண்ணாடி. அங்கேதான் நான் அம்மாவை உட்கார வைக்கப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு சிங்கள வார்த்தையும் வரவில்லை. அழுதேன்.

"அழ வேணாம் நங்கி. அடுத்த தடவ நான் தமிழ்லயே கேக்கிறது" என்று சிரித்தார்.

அப்படிப்பட்ட வண்டியை ரோட்டில் எடுத்ததே தப்பு என்று நானா அவரைத் திட்டிக்கொண்டே காயத்துக்குத் துணி கட்டினார். அதுவும் உண்மைதான். பிறகு எங்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். கருவாட்டு நாற்றம் குடலைப் புரட்டியது. அம்மா வாந்தி எடுக்கவே இல்லை. நான்தான் வழியெல்லாம் எடுத்தேன். மாலையில் சிலாபத்தில் அம்மா கம்பை மணலில் குத்திவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நின்றார். "இவ்வளவு தண்ணியாடி!" என்றார். என்னால் கடலைப் பார்க்க முடியவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் எனக்கு அவசரம் குறையவில்லை. அம்மாவுக்கும் என்னைத் திட்டுவது குறையவில்லை. அவர் திட்டும்போதெல்லாம், அன்று நான் அத்தனை பேச்சுப் பேசியும் அந்தக் கதவை மறுபடி திறக்காத மனிதரை நினைத்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.