ஐந்தாவது திரி

டெக்சாஸில், பேர்லேண்ட் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்றுவேன். ஐந்தாவது திரி, மாசம் நிறைந்திருக்கும்போது வயிற்றிலேயே தவறிப்போன என் மூத்த பெண்ணுக்கு. "இனி அந்தப் பேச்சே வேண்டாம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்ட என் கணவருக்கு இது தெரியாது. மகளிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். என் தலையில் கை வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

ஆஸ்டினுக்குப் படிக்கப் போனவள், அங்கே இந்தியப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சொராரிட்டி என்கிற மாணவியர் சங்கத்தில் சேர்ந்தாள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சிஸ்டர் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். தாமரை பேட்ஜ், மயில் நிறச் சால்வை, ஐந்து முக விளக்கு என்று அவர்களுக்கு ஏகப்பட்ட அடையாளங்கள். எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டாம். விளக்குக்கு நானே உட்கார்ந்து பஞ்சுத்திரி திரித்துக் கொடுத்தேன்.

"அஞ்சு திரிக்கும் என்னடி அர்த்தம்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"சாரிம்மா, அது சிஸ்டர்ஸுக்கு மட்டும்தான். வெளில சொல்லக்கூடாது. ப்ராமிஸ் பண்ணிருக்கோம்."

சரிதான், பெண் வாக்குக்கு மரியாதை கொடுக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். என்ன சொல்ல!

பெற்றோரை அழைத்த அன்று, சொராரிட்டியின் தலைவிப் பெண் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஆன்ட்டி, அந்த அஞ்சாவது திரி, அந்த பேபி... கேட்டுட்டு நாங்க எல்லாருமே அழுதுட்டோம். இனிமே புதுசா ஜாயின் பண்றவங்களுக்கு அதைத்தான் மீனிங்கா சொல்லப்போறோம்."

பக்கத்தில் நின்ற என் கணவர் என்னையே பார்த்தார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் கார் பக்கம் போய்விட்டார்.

மகளைத் தனியே இழுத்துப்போனேன். "ஏண்டி, உன்னை நம்பித்தானேடி சொன்னேன்? ஊருக்கெல்லாம் பந்தி வெச்சிருக்கியே!"

"ஊர் இல்லம்மா. தே ஆர் மை சிஸ்டர்ஸ்."

பாவி! அவர்கள் ரகசியத்தை என்னிடமிருந்து அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றத் தெரிந்தவளுக்கு, என் ரகசியம் மட்டும் இளப்பமாகப் போய்விட்டது.

நவம்பர் லீவில் மகள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை, குத்துவிளக்கில் ஒரே ஒரு முகம் எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா ஒண்ணே ஒண்ணு? அக்காவுக்கு எங்க ஏத்துற?"

"சாரிடி," என்றேன். "அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான். வெளில சொல்லக்கூடாது."