தையலுக்கு விட்ட இடம்

என் அத்தானிடம் துணி கொடுத்தவர்கள் யாரும் குண்டானதே இல்லை. அப்படித்தான் அவர் எல்லோரையும் நம்ப வைத்திருக்கிறார். போன வருஷம் தைத்த சட்டை வயிற்றைப் பிடிக்கிறது என்று யாராவது வந்து நின்றால், "துணி சுருங்கிடுச்சுங்க, இந்த ஊர் தண்ணி அப்படி" என்பார். உள்பக்கம் அவரே விட்டு வைத்திருந்த துணியைப் பிரித்து மறுநாள் சரிசெய்து கொடுப்பார். வந்தவர் தண்ணீரைத் திட்டிக்கொண்டே போவார்.

எட்டடி அகலக் கடை, அதற்குப் பின்னால் வீடு. அத்தான் வெட்டுவார், தைப்பார். அக்கா காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பாள். அம்மா போன பிறகு பதினோரு வயதில் அந்த வீட்டில் போய் ஒட்டிக்கொண்டவள் நான். என் பள்ளிப் பாவாடைக்குக் கீழே நான்கு விரல் துணியை மடித்து வைத்துத் தைத்தார் அத்தான். நான் வளர வளர வருஷத்துக்கு ஒரு விரல் இறக்கிவிடுவார். பழைய மடிப்புகள் கோடு கோடாகத் தெரியும். எனக்கு மானம் போகும். அவருக்கோ பெருமை தாங்காது.

தையலுக்கு விடுவது என்பது அவருக்கு வெறும் தொழில் இல்லை, சுபாவம். அளவு எடுத்த இடத்திலேயே சாக்பீஸை வைக்க மாட்டார். ஒரு விரல் தள்ளித்தான் வைப்பார். "மனுஷன் உடம்பு இன்னிக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது. நாமதான் இடம் விடணும்" என்பார்.

நான் படித்து நர்ஸாகி, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'ஊசிக்காரி'. நீயும் ஊசி, நானும் ஊசி, ஆனால் என் ஊசிக்கு யாரும் அழுவதில்லை என்று சீண்டுவார்.

ஒருநாள் கடைத் தரையில் கிடந்த குண்டூசி அக்காவின் பாதத்தில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாமே 'ஒண்ணுமில்லை'தான். மூன்றாம் நாள் பாதம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. பக்கத்து கிளினிக் டாக்டர் மாத்திரை கொடுத்து, "சிவப்பைச் சுத்தி பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க. கோட்டைத் தாண்டினா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கு லீவு இல்லை. போனிலேயே வைத்தியம் நடந்தது.

"ஏம்மா ஊசிக்காரி, ஊசி குத்தினது பாதத்துல. தொடை இடுக்குல ஏன் கட்டி மாதிரி இருக்குங்கறா?"

"நெறி கட்டியிருக்கு அத்தான். கால்லேர்ந்து மேல வர்ற கிருமியை அங்கதான் மடக்கும். செக்போஸ்ட்டுன்னு வெச்சுக்குங்க."

"அப்ப இந்தச் சிவப்பு?"

"குத்தின இடத்துல ரத்தக் குழாய் எல்லாம் விரிஞ்சு குடுக்குது. ரத்தம் கூட்டமா வருது, அதான் சூடும் சிவப்பும். அதுல வர்ற வெள்ளணுக்கள் குழாய்ச் சுவர் வழியா நெளிஞ்சு வெளிய வந்து கிருமியைப் பிடிச்சு முழுங்கும்."

"சுவரைக் கிழிச்சுக்கிட்டா?"

"கிழிக்காம. ரெண்டு தையலுக்கு நடுவுல நூல் நுழையற மாதிரி."

"அட, நல்ல வேலைக்காரங்களா இருக்காங்களே!"

"வேலையிலயே உயிரையும் விடுவாங்க. சீழ்னு வருதே, அதுல பாதி அவங்கதான்."

பிறகு, காலைத் தூக்கி வைக்கும்படி டாக்டர் சொன்னது எதற்காக என்று கேட்டார். கீழே போகிற ரத்தத்தை இதயம் தள்ளிவிடும், மேலே திரும்பி வருவதற்குக் கெண்டைக்கால் சதை பிழிந்து கொடுக்க வேண்டும், வீங்கிய காலுக்கு அது கஷ்டம் என்றேன். உடனே வெட்டாத துணிக்கட்டு நான்கை அடுக்கி அக்காவின் காலை அதன்மேல் ஏற்றிவிட்டார். "ராணி மாதிரி வெச்சிருக்கேன்" என்றார்.

"அத்தான், விளையாட்டில்லை. கிருமி நெறியையும் தாண்டி ரத்தத்துல கலந்துட்டா ஒரு நிமிஷத்துல உடம்பையே ஒரு சுத்து சுத்தி வந்துடும். அப்புறம் அக்கா உயிருக்கே ஆபத்து. கோட்டைக் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருங்க."

பார்த்தார். இரண்டு நாளும் காலை, மதியம், சாயங்காலம் போன் வந்தது. "தாண்டிச்சா அத்தான்?" "நூல் அளவுகூடத் தாண்டலை." அளவு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் நிம்மதியாக ஊர் ஜனத்துக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் லீவு கிடைத்தது, முதல் பஸ்ஸில் போனேன். அக்கா இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். நிஜமாகவே சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் சுற்றிலும் ஓர் இடம் விடாமல் கோடு வரைக்கும் வந்து நின்றது. கோடு போட்ட அன்றே இப்படித்தான் இருந்ததா? அப்படியென்றால் இந்த நடுக்கம் ஏன்?

"அத்தான், இந்தக் கோட்டைச் சிவப்போட ஓரத்துலயேதானே போட்டீங்க?"

"ஓரத்துலயா? ஒரு விரல் தள்ளி. தையலுக்கு விடாம யாராவது கோடு போடுவாங்களா?"

பெருமையாகத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

மாத்திரைக்கு மசியாமல் கிருமி இரண்டு நாளாக ஒரு விரல் முன்னேறியிருக்கிறது. அவர் அன்பாக விட்டு வைத்த இடம் முழுவதையும் தின்றிருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பழமொழி வாய்வரை வந்து, சொல்லப் பயந்து விழுங்கினேன். அதற்குப் பதில் வேறென்னவோ சொல்லிக் கத்தினேன், ஒரு மச்சினி அத்தானைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தைகள். மெஷினில் பாதி தைத்த சட்டை கிடந்தது கிடந்தபடியே இருக்க, அவர் அக்காவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தை நேராக ரத்தக் குழாயிலேயே ஏற்றினார்கள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். தப்பு அத்தானுடையது மட்டுமில்லை. முதலில் சிவப்பு எதுவரை இருந்தது என்று கேட்க வேண்டியவள் நர்ஸான நான். தாண்டிச்சா, தாண்டிச்சா என்று கிளிப்பிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வார்டில் தினமும் காலையில் அத்தான் என் பேனாவை வாங்கிக்கொள்வார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அக்காவின் காலுக்கு மேல் குனிந்து, சிவப்பின் ஓரத்திலேயே கோடு போடுவார்.

"ஏங்க, கூசுது."

"அசையாதே, அளவு தப்பும்."

முதல் இரண்டு நாள் சிவப்பு அசையவில்லை. மூன்றாம் நாள் அரை விரல் உள்ளே போயிருந்தது. அவர் இன்ச் டேப்பை எடுத்து இரண்டு தடவை அளந்து பார்த்தார். பிறகு அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வார்டில் அத்தனை பேர் பார்க்க, விசும்பி அழுதார். வீட்டுக்குப் போகிற அன்று அக்காவின் காலில் ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு கோடுகள் இருந்தன. எனக்கு என் பள்ளிப் பாவாடை ஞாபகம் வந்தது.

ஒரு மாதம் கழித்து எனக்குப் புது யூனிஃபார்ம் தைத்து அனுப்பினார். தோளில் ஏறவில்லை. மூச்சைப் பிடித்து மாட்டினால் கையைத் தூக்க முடியவில்லை. கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிரித்துவிட ஒரு நூல் துணி இல்லை. அத்தான் தைத்த உடுப்பில் அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. போன் போட்டேன், அக்கா எடுத்தாள்.

"தெரியும்டி" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கோட்டு மேலயே வெட்டிட்டாரு. இப்பல்லாம் எதை வெட்டினாலும் அப்படித்தான், கை தள்ளிப் போக மாட்டேங்குது. நான்தான் காலைலேர்ந்து பக்கத்துல நின்னு, தள்ளி வைங்க, தள்ளி வைங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

நிற்கிறாளாம், காலையிலிருந்து, அந்தக் காலில். அதற்குள் அத்தான் போனை வாங்கிவிட்டார்.

"ஊசிக்காரி, யூனிஃபார்ம் சரியா இருக்கா?"

"தைச்சப்ப சரியாத்தான் இருந்திருக்கும் அத்தான். ஒரு தடவை நனைச்சேன், சுருங்கிடுச்சு. இந்த ஊர் தண்ணி அப்படி."

அந்தப் பக்கம் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாம்மா" என்றார் கடைசியில். "தண்ணிதான்."