நுகத்தடியைக் கழற்றியது யார்

என் கணவர் டெல்பர்ட் நாற்பத்தொரு வயது வரை நாற்காலி செய்தவர். பட்டறையை மூடிய பிறகுதான் குதிரைகளுக்குப் பின்னால் போய் நின்றார். ஓஹாயோவில் எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவச் சபையில் வயலுக்கு டிராக்டர் ஆகாது, குதிரைதான். நானோ எட்டு வயதிலேயே குதிரை பூட்டியவள். அந்த வசந்தம் முழுக்க அவரைப் படாதபாடு படுத்தினேன்.

நிலம் என் அண்ணன் ரோமனுடையது. குத்தகைக்குத் தர அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான்.

"மாப்ள, சனிக்கிழமைக்குள்ள பத்து ஏக்கரையும் ஓட்டிக் காட்டுங்க. ஏடாகூடமா ஏதாவது பண்ணினீங்கன்னா நிலம் வேற ஆளுக்கு."

அது கிடைக்காவிட்டால் நான்கு பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

டெல்பர்ட் எதையும் வரிசையாகத்தான் செய்வார். அவிழ்க்கும்போது முதலில் பின்னாலுள்ள இழுவைச் சங்கிலிகள், கடைசியில் முன்னாலுள்ள நுகத்தடி. மாற்றிச் செய்தால் நுகத்தடி தாங்கிப் பிடித்திருக்கும் ஏர்க்கால் தரையில் விழும், குதிரை மிரளும், பின்னால் நிற்பவன் கதி அதோகதி. இதைச் சாப்பாட்டு மேசையில்கூட முணுமுணுப்பார்.

"ஜெபத்தை முடிங்க, சூப் ஆறுது" என்பேன்.

சனிக்கிழமை மதியம் கடைசிச் சால் முடியும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ரோமன் வேலியோரம் வந்து நின்றான். நான் டெல்பர்ட்டை விரட்டினேன்.

"சீக்கிரம் அவிழுங்க!"

"அவசரப்படாத லவினா. ஒவ்வொண்ணா."

"நீங்க ஒவ்வொண்ணா அவிழ்க்கிறதுக்குள்ள சோளமே முளைச்சிடும்."

அவர் குதிரைகளுக்கும் வட்டுக் கலப்பைக்கும் நடுவே குனிந்து முதல் சங்கிலியில் கைவைத்தார். நான் முன்னால் போய் நுகத்தடியைக் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகுதான் உறைத்தது. அதே நொடியில் இடி இடித்தது.

ஏர்க்கால் தொப்பென்று விழுந்தது. இரண்டு குதிரைகளும் பாய்ந்தன. நான் ஒதுங்கி விழுந்தேன். வட்டுகள் அவர் காலை நோக்கி உருண்டன.

அவர் தோளில் கிடந்த கடிவாள வாரை இழுத்துப் பிடித்தார். "ஹோ... ஹோ, பெஸ்... நில்லும்மா" என்றார், கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில். ஓர் அடி போயின. இன்னோர் அடி. நின்றன. வட்டின் விளிம்பு அவர் கால்சட்டையைக் கிழித்திருந்தது, தோலில் படவில்லை.

ரோமன் ஓடிவந்தான்; குதிரைகள் மறைத்ததால் கழற்றியது யாரென்று அவன் பார்த்திருக்கவில்லை. சங்கிலிகள் மாட்டியபடி இருந்ததையும் நுகத்தடி கீழே கிடந்ததையும் பார்த்தான்.

"என்ன மாப்ள இது? சின்னப் பிள்ளகூட இப்படிச் செய்யாது. நிலத்த மறந்துடுங்க."

டெல்பர்ட் பெஸ் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் அண்ணனுக்குப் புரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"அண்ணே, கழட்டினது நான்."

"நீயா?"

"நான்தான். அவரு சொல்லச் சொல்லக் கேக்கல."

மழை பிடித்துக்கொண்டது. ரோமன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவர் பக்கம் திரும்பினான்.

"திங்கக்கிழமை விதையோட வர்றேன் மாப்ள. இவள மட்டும் குதிரைப் பக்கம் விடாதீங்க."

"அவ இல்லாம எனக்குப் பூட்ட வராது" என்றார் டெல்பர்ட்.

நான் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.