பொரி சிந்தாத டம்ளர்

என் அக்கா பரமத்தி வேலூரில் தன் வீட்டின் முன்பகுதியில் ஒரு சிறு குழந்தைகள் பள்ளி நடத்துகிறாள். இரண்டரை வயதில் வந்து சேரும் பிள்ளைகள் நான்கு வயதில் பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். நான் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வரைபடம் போடுகிறவள். என் வரைபடங்கள் இரும்பாகி, லாரியில் ஏறி, நான் பார்த்தேயிராத மாநிலங்களுக்குப் போய்விடும். பாகம் பொருந்தினால் ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பொருந்தாவிட்டால்தான் போன் வரும்.

அக்காவிடமிருந்து அன்று வந்த போனும் புகார்தான். ஆனால் வண்டியைப் பற்றியது இல்லை.

"அம்மிணி, கட்டெறும்பு தாங்கல. இன்னைக்கு ஒரு பையனத் தொடையில கடிச்சுப் போட்டுது. அவிக அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மருந்து போடுக்கா."

"புள்ளைங்க உருள்ற தரையில மருந்து போடச் சொல்றியே, உனக்குப் புத்தி இருக்குதா? எறும்பு என்ன பண்ணும்? பொரி கொட்டுனா வருது. பூந்தி கொட்டுனா குடும்பத்தோட வருது. நீ வண்டியில எண்ணெ ஒழுகாம நிறுத்தறயல்லோ, ஒரு டப்பாவுல பொரி கொட்டாம நிறுத்த முடியாதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினேன்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே தின்பண்ட நேரம். சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். என் மகன் கல்லூரிக்குப் போய்விட்டதால் இந்த வயதுப் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதே எனக்கு மறந்திருந்தது. அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. டப்பாவை லாரி ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அக்குளில் இடுக்கிக்கொண்டு சறுக்குமரம் ஏறுகிறார்கள். உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முகத்துக்கு நேராகக் கவிழ்க்கிறார்கள். கவிழ்த்ததும் எல்லாம் மூக்கில் விழுகிறது. மூடி இறுக்கமாக இருந்தால் பல்லால் கடித்து இழுக்கிறார்கள். அது திறக்கும்போது ஒரு பட்டாசு மாதிரி பூந்தி பறக்கிறது. பறந்ததைப் பார்த்து எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

"பாத்தியா?" என்றாள் அக்கா, கையில் விளக்குமாற்றோடு.

"பாத்தேன். மூடியே இருக்கக் கூடாதுக்கா. திறக்காமயே கை போகோணும்."

"பிளாஸ்டிக்ல வேண்டாம். வெய்யில்ல கெடந்து நாத்தம் புடிச்சுப் போகுது. எவர்சில்வர் டம்ளர் இருக்குதல்லோ, கட்டையா அகலமா, அதுக்குப் பொருந்தற மாதிரி பண்ணு."

அது நல்ல யோசனை. டம்ளரைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மேலே மாட்டும் ரப்பர் மூடி மட்டும் போதும். சமையல் சாமான்களுக்கென்றே வரும் சிலிக்கான் ரப்பர் சேலத்தில் கிடைத்தது. இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றி வைத்தால் இறுகிவிடும். அச்சுக்கு அலுமினியத் துண்டு பட்டறையிலேயே இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். ரிக் தொழிலில் தலைமுடி நரைத்த மனிதர்.

"எதுக்குங்கம்மா?"

"பொரி டம்ளருக்கு மூடிங்க."

"செரி, எடுத்துக்கங்க" என்றார். நான் திரும்பி நடந்த பிறகு, "பொரியா?" என்று அவர் தனக்குத் தானே கேட்டுக்கொண்டது காதில் விழுந்தது.

மூடியின் நடுவில் பூ மாதிரி கீறல்கள், கீறல்களுக்கு இடையில் இதழ்கள். எங்கள் வண்டிகளில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களில் விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு திசையில் வழி விடும், எதிர்த் திசையில் அடைத்துக்கொள்ளும். அதையே இங்கும் செய்தேன். இதழ்கள் கெட்டியாக, உள்நோக்கிச் சாய்வாக. கை உள்ளே போகும், பொரி வெளியே வராது. பொரி நிரப்பி டம்ளரைக் கவிழ்த்துக் குலுக்கினேன். ஒன்றுகூட விழவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு கூட இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

அடுத்த முறை வேலூர் போனபோது அந்த டம்ளரை அக்கா ஒரு மூன்று வயதுப் பெண்ணிடம் கொடுத்தாள். தலையில் இரண்டு குடுமி, காலில் கொலுசு. பள்ளியிலேயே மிக அதிகமாகக் கொட்டுகிறவள் அவள்தான் என்று அக்கா சொன்னாள். அந்தக் குழந்தை டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இதழ்களை விரலால் தட்டினாள். பிறகு கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை போனது. நான் முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

கை வெளியே வரவில்லை.

கை நிறையப் பொரியை அள்ளி முஷ்டியை இறுக மூடியிருந்தாள். என் இதழ்கள் அவள் முஷ்டியைப் பிடித்துக்கொண்டன. பொரி வெளியே வரக் கூடாது என்று நினைத்தேனே தவிர, கை வெளியே வர வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை.

"பொரிய உட்ரு கண்ணு, கை வந்துரும்" என்றாள் அக்கா.

"மாத்தேன்."

"உட்டா வேற தாரேன்."

"மாத்தேன்!"

நான் மூடியைக் கழற்றப் போனேன். தன் பொரியைப் பிடுங்க வருகிறேன் என்று நினைத்து அவள் அலறிக்கொண்டு ஓடினாள். கையில் டம்ளரோடு, குத்துச்சண்டைக்காரி மாதிரி. மற்ற பிள்ளைகளுக்கு இது புது விளையாட்டாகப் பட்டது. அத்தனை பேரும் அவள் பின்னால் ஓடினார்கள். சறுக்குமரத்தைச் சுற்றி ஊர்வலம் போனது. அவள் அழுகிறாள், டம்ளர் சுவரில் மோதி மணி அடிக்கிறது, நான் "சாமி, நில்லு சாமி" என்று பின்னால் ஓடுகிறேன். குழந்தையின் கை வீங்கினால் என்ன செய்வது, அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்றெல்லாம் மனசில் ஓடியது. கத்தரிக்கோலை எடுத்து வரும்படி அக்காவிடம் கத்தினேன்.

அந்த நேரத்தில் பள்ளி ஆட்டோக்காரர் தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். உள்ளே நடக்கும் அமளி அவருக்குத் தெரியாது. வழக்கம்போல வாசலில் நின்று, "டாட்டா சாமிகளா!" என்றார்.

அவள் அழுகையை நிறுத்தினாள். அந்தக் கையையே தூக்கி டாட்டா காட்டினாள். டாட்டா காட்ட வேண்டுமென்றால் விரல்களை விரிக்க வேண்டுமல்லவா? விரித்ததும் பொரி டம்ளருக்குள்ளேயே விழுந்தது. கை நழுவி வெளியே வந்தது. டம்ளர் பறந்து போய் அக்காவின் காலடியில் விழுந்து உருண்டது.

ஒரு பொரிகூடச் சிந்தவில்லை.

அக்கா குனிந்து அதை எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, என்னிடம் நீட்டினாள். "கொட்டல, நெசந்தான். திங்கவும் முடியல" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி பயம் விட்டுப் போன கண்ணீர்.

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் புத்தி வேலை செய்தது. இங்கே தடுக்க வேண்டியது எண்ணெய் இல்லை. மூடிய கை ஒன்று தாராளமாக வெளியே வர வேண்டும். அதோடு நாலு பொரி வந்து விழுந்தால் போகட்டும். போன் போட்டு அக்காவிடம் கேட்டேன்.

"நாலு விழுந்தா பரவால்லீங்களா மேடம்?"

"நாலு விழுந்தா நான் பொறுக்கிக்கறேன். நாப்பது விழுந்தாத்தான் எறும்பு வரும்."

அடுத்த மூடியில் இதழ்களை மெல்லிசாக்கி, சாய்வை எடுத்துவிட்டேன். வழியைப் பெரிதாக்கினேன். அதற்கு ஈடாக இரண்டு அடுக்கு இதழ்கள். மேல் அடுக்கின் கீறலுக்கு நேராகக் கீழ் அடுக்கில் இதழ் வரும். கை இரண்டையும் விலக்கிக்கொண்டு போய் வந்துவிடும். பொரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அப்படி நாலு மூடி ஊற்றிக் கொண்டுபோனேன். கை சுலபமாக வந்தது. ஆனால் ஒரு பையன் கையை உள்ளே விடாமலேயே மூடியைக் கடித்தான். பல் முளைக்கும் வயது, மென்றுகொண்டேயிருந்தான். ஒரு கீறல் நுனியில் கிழிந்து நீண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதழ் பிய்ந்து தொண்டையில் போனால்? அன்றைக்கே எல்லா மூடிகளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிழிவதை நிறுத்தும் வழி பட்டறையில் தினமும் என் கண் முன்னால் நடப்பதுதான். வண்டியின் தகட்டில் விரிசல் விட்டால், அது ஓடி முடியும் இடத்தில் ஒரு சின்ன வட்டத் துளை போடுவார்கள். விரிசல் அதற்கு மேல் ஓடாது. ஒவ்வொரு கீறலின் நுனியிலும் அப்படி ஒரு துளை வைத்தேன். ரப்பரையும் மாற்றி, வளைந்தாலும் எளிதில் கிழியாத ரகம் வாங்கினேன். இதழைக் குறடால் பிடித்து முறுக்கி இழுத்தேன். முதலாளி வந்து பார்த்து, "இப்பிடி இழுத்தா அது எப்பிடிம்மா வரும், தள்ளுங்க" என்று தானே வாங்கி, காலை ஊன்றி இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். இப்போது அவர் முகத்திலும் பெருமை.

"இது நல்லாருக்குது. எனக்கொண்ணு குடுங்க."

"உங்க கை உள்ள போகாதுங்களே."

"அப்ப என்ற கைக்கு ஒண்ணு போடுங்க. வண்டியில போறப்ப காரக் கடலை பூராவும் சீட்டுக்கடியிலதான் கெடக்குது."

அவருக்குப் பெரிய செம்புக்குப் பொருந்துவதாக ஒன்று செய்து கொடுத்தேன். அது மத்தியப் பிரதேசம் வரை போய்விட்டு வந்தது. அதற்குள் டிரைவர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ரிக் பாகங்களை வரைந்து இத்தனை வருஷத்தில் ஒருவர் கூட என்னிடம் வந்து "நல்லாருக்குதுங்க" என்று சொன்னதில்லை. கடலை மூடிக்குச் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மூடி ஊற்றி முடிக்க ஒரு மாதம் போல ஆனது. கழற்றிக் கழுவ எளிதாக இருக்க வேண்டும் என்று அக்கா கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தாள். இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கழற்ற வர வேண்டும் என்றாள். பிடித்து இழுக்க விளிம்பில் ஒரு காது வைத்தேன். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக அடிப்பக்கம் மடித்து வைத்தேன். இடுப்பில் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு அக்காவே கழற்றிப் பார்த்துத் தலையாட்டினாள்.

எல்லா டம்ளர்களையும் கொடுத்த அன்று நானும் போயிருந்தேன். அவரவர் வீட்டிலிருந்து வந்த தின்பண்டத்தை அவரவர் டம்ளரில் போட்டு அமைதியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படித்தான் நடந்தது. பிறகு ஒருவன் பக்கத்துப் பையன் டம்ளரில் கையை விட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே இருந்து தெரியாதல்லவா? விட்ட கையில் முறுக்குத் துண்டு வந்தது. அவன் கூவிய கூவலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒருவரும் தன் டம்ளரைத் தொடவில்லை. அடுத்தவர் டம்ளரில் கை விட்டு, கண்ணை மூடி, துழாவி, என்ன வருகிறதென்று பார்ப்பதுதான் சாப்பாடு. பூந்தி வந்தால் ஒரு சத்தம், அவல் வந்தால் ஒரு சத்தம். வீட்டில் பொரியைத் தொடவே மாட்டான் என்று அவன் அம்மா புலம்பும் ஒரு பையன், நான்கு பேர் டம்ளரிலிருந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டி, நான் கேட்டது எறும்பு வராம இருக்கறதுக்கு. நீ கூட்டுச் சாப்பாடு கண்டுபுடிச்சு வெச்சிருக்கறே" என்றாள் அக்கா. ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது. சண்டைக்காரப் பையன் ஒருவன், யாரையும் பக்கத்தில் சேர்க்காதவன், தன் டம்ளரை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் நின்றதை அவள் எனக்குக் கண்ணால் காட்டினாள்.

தரையில் நாலைந்து பொரி கிடந்தது. அக்கா சொன்னபடி பொறுக்கினாள்.

இரட்டைக் குடுமிக்காரி என்னிடம் வந்தாள். டம்ளரை நீட்டினாள். நான் கை விட்டுப் பார்த்தேன். மூன்று விரலுக்கு மேல் போகவில்லை. அவள் என் கையை ஒதுக்கிவிட்டுத் தன் கையை விட்டாள். வெளியே எடுத்து என் வாய்க்கு நேராக வைத்து, "ஆ காத்து" என்றாள். வாயைத் திறந்தேன். பாதி நமுத்த பூந்தி, கொஞ்சம் பொரி, அவள் விரலும் சேர்த்து உள்ளே வந்தது. நன்றாக மென்று விழுங்கும் வரை அவள் நகரவில்லை. பிறகு அடுத்த வாயைத் தேடிப் போனாள்.