யோர்மாவின் துணைத்தேற்றம்

யோர்மா ஊரைவிட்டுப் போனது காதல் தோல்வியால் இல்லையாம். தன் நிரூபணத்தில் தானே ஓட்டை கண்டுபிடித்தானாம். நூலகத்தில் யாரோ சொன்னதாக, மதியக் காப்பியின்போது ராக்ன்ஹில்ட் சொன்னாள். பக்கத்து அறைக்காரி, வாய் சும்மா இருக்காது. கேட்ட கேத்தெவான் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

கேத்தெவான் ஜார்ஜியாவின் குத்தாயிசியிலிருந்து கணித இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்க சுவீடனின் உப்சாலாவுக்கு வந்தவள். ஃபின்லாந்துக்காரன் யோர்மா காலி செய்த அறைதான் அவளுக்குக் கிடைத்தது. ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் கரும்பலகையை ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தாலும், காயக் காய அவனுடைய சாய்ந்த எழுத்து மங்கலாக எழுந்து வரும். முதலில் எரிச்சல்பட்டாள், பிறகு காலையில் அதற்கு வணக்கம் சொல்லப் பழகிவிட்டாள். துகள்கள் எத்தனை சேர்ந்தாலும் ஆற்றல் ஓர் அளவுக்குக் கீழே சரியாது என்ற அவனுடைய துணைத்தேற்றத்தின் மேல்தான் அவள் ஆய்வேடு மொத்தமும் நிற்கிறது.

மறுநாள் அவளுடைய ஆய்வேட்டுக்கு ஆணி அடிக்கும் சடங்கு. மூலையில் துளை போட்ட ஆய்வேட்டைத் துறைப் பலகையில் சுத்தியலால் அறைந்துவிட்டால், ஆய்வு முடிந்தது என்று ஊரறியச் சொன்ன மாதிரி.

அறைக்கு ஓடி, தன் வழிகாட்டி டோர்ஸ்டனோடு சேர்ந்து யோர்மா எழுதிய கட்டுரையைப் பிரித்தாள். 'இங்கே எல்லைகளின் வரிசையை மாற்றலாம் என்பது தெளிவு' என்று ஒரு வரி. எந்த எல்லையை முதலில் கணக்கிட்டாலும் விடை மாறாது என்று பொருள். இத்தனை வருடமும் தலையாட்டிக் கடந்த வரி. இப்போது தெளிவாக இல்லை. கட்டுரையை எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போனாள்.

"இந்த வரியை நீங்க சரிபார்த்தீங்களா, டோர்ஸ்டன்?"

"யோர்மா பார்த்திருப்பான்."

"நீங்க பார்த்திருப்பீங்கன்னு அவன் நினைச்சிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதி ஐரோப்பா அதை மேற்கோள் காட்டுது, கேத்தெவான்."

"உங்க பேரைப் பார்த்துட்டு காட்டியிருப்பாங்க."

"நாளைக்கு அடி. ஓட்டை இருந்தா, வாய்மொழித் தேர்வுல கேள்வி கேக்க வர்றவர் கண்டுபிடிக்கட்டும். அதுக்குத்தானே அவருக்கு டிக்கெட் போட்டிருக்கு?" சிரித்தது அவர் மட்டும்தான்.

விடியும்வரை அந்த வரியை நிரூபிக்கப் பார்த்தாள். நிரூபிக்கவும் முடியவில்லை, பொய்யாக்கவும் முடியவில்லை.

காலையில் பலகையைச் சுற்றிக் கூட்டம். ராக்ன்ஹில்ட் சுத்தியலை நீட்டினாள். "விரல்ல அடிச்சுக்காதே, டாக்டரம்மா. அடிச்சாத்தான் கேக்கை வெட்டுவாங்க."

"அவன் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"யார் நம்பர்?" என்றவளுக்கு முகம் மாறியது. "காப்பிக்கு நடுவுல சொன்ன கதைடி அது. நிஜமான்னு எனக்கே தெரியாது."

"அவனுக்குத் தெரியும். குடு."

டோர்ஸ்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேத்தெவான் சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டு, ராக்ன்ஹில்ட் தந்த எண்ணைப் போனில் அழுத்தியபடி ஜன்னலோரம் ஒதுங்கினாள்.

ஃபின்லாந்தில் எங்கோ மணி அடித்துக்கொண்டே இருந்தது.