வர்த்தமானியில் வராத தீர்ப்பு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் மேல்வீட்டில் குடியிருந்த பெண், கம்யூனிசம் விழுந்த பிறகு கிழக்கு ஐரோப்பிய நாடொன்றில் அமைக்கப்பட்ட அரசியலமைப்பு நீதிமன்றத்தில் அலுவலராக இருந்தவர். இங்கே அவருக்கு ஒரு பேக்கரியில் வேலை. புவாண்ட்-கிளேர் புறநகரில் ஒரு களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலை முடிந்து நான் திரும்பும் நேரத்தில்தான் அவரும் வருவார். படியில் நின்று அரைகுறைப் பிரெஞ்சில் கதைப்போம்.

ஒரு குளிர்காலத்தில் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. மகனைக் குடிவைக்கப் போகிறாராம், நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டுமாம். அந்த மகனுக்கு வேறு ஊரில் சொந்த வீடு இருப்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“கோட்டில அவரோடை கொழுவி வெல்லேலுமே? நாங்கள் இஞ்ச வந்தான் வரத்தான். புரோசார்ட்டில வேறை வீடு பாப்பம்,” என்றார் கணவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஊரில் நீதிமன்றத்தை நம்பிப் பழகியவர்கள் அல்ல நாங்கள்.

கடிதத்தைக் காட்டியபோது மேல்வீட்டுப் பெண் தன் கதையைச் சொன்னார். அவருடைய சிறுவயதில், தீர்ப்பு என்னவென்று கட்சி அலுவலகத்திலிருந்து நீதிபதிகளுக்குத் தொலைபேசியில் சொல்வார்களாம். புது நீதிமன்றம் முதல்முறையாக அரசாங்கத்தின் சட்டமொன்று செல்லாது என்றபோது, அந்தத் தீர்ப்பைத் தட்டச்சு செய்தவர் இவர். அரசாங்கம் முணுமுணுத்துக்கொண்டே பணிந்தது. பல வருடங்களுக்குப் பின் வந்த அரசாங்கம், தனக்குப் பிடிக்காத ஒரு தீர்ப்பை அரசிதழான வர்த்தமானியில் அச்சிட மறுத்தது. இவர் அதை நீதிமன்ற இணையத்தளத்தில் ஏற்றினார். வேலை போயிற்று.

“வேலை போனதுதானே மிச்சம்?” என்று கேட்டேன்.

“இல்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனையோ பேர் கீழ் நீதிமன்றங்களில் வென்றார்கள். பேனாவை எடுங்கள், இப்போதே பதில் எழுதுவோம்.”

மறுத்து எழுதினோம். வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே நீதிபதி அவரிடம், “உங்கள் மகன் எப்போது குடிவருகிறார்? இப்போதுள்ள வீட்டை என்ன செய்யப் போகிறார்?” என்று கேட்டார். வீட்டுக்காரர் தன் சட்டத்தரணியைப் பார்த்தார். சட்டத்தரணி கடதாசிகளைப் புரட்டினார். என் முறை வந்தபோது, அந்த மகனின் சொந்த வீட்டைப் பற்றி என் அரைகுறைப் பிரெஞ்சிலேயே எடுத்துச் சொன்னேன். எனக்கே வியப்பாக இருந்தது.

சில வாரங்களில் தீர்ப்பு தபாலில் வந்தது. நாங்கள் அங்கேயே இருக்கலாம். கணவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, “ஓம், எங்கட பேர்தான் போட்டிருக்கு,” என்றார்.

அடுத்த வருடம் அந்தப் பெண்ணின் நாட்டில் ஆட்சி மாறியது. தடுத்து வைத்த தீர்ப்பை அச்சிட்டார்கள். அவரைப் பழைய பதவிக்கே அழைத்தார்கள். பெட்டிகளை நாங்கள்தான் கீழே இறக்கிக் கொடுத்தோம்.

இப்போது பக்கத்துக் கட்டடங்களில் யாருக்காவது அப்படிக் கடிதம் வந்தால் என் கதவைத் தட்டுகிறார்கள். களஞ்சியத்தில் லீவு சொல்லிவிட்டு, விசாரணைக்கு அவர்களோடு நானும் போகிறேன்.