தாயில்பட்டி சாலையில் வெடித்த டயர்

இன்று காலை தாயில்பட்டிப் பக்கம் சைக்கிளில் போனேன். எதிர்காற்று. சாலை முழுக்க ஜல்லி பெயர்ந்து கிடந்தது.

ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன் டயர் வெடித்தது. ரோடு பைக் என்பதால் காற்றை இறுக்கி அடித்திருந்தேன். சத்தம் பலம்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா போனும் கையுமாக ஓடி வந்தார்.

"எந்தக் கம்பெனி சார்? எம் மக இப்பத்தான் வேலைக்குப் போனா!"

"பயப்படாதீகம்மா, என் சைக்கிள் டயருதான்."

"சைக்கிளா இம்புட்டுச் சத்தம் போடும்?"

பாடம் நடத்துவதுபோல் கிழிசலை விரித்துக் காட்டினேன். அவர் வானத்தில் புகை தேடினார். காற்றில் எழுந்த புழுதியில் எதுவும் தெரியவில்லை.

மகள் வேலை செய்யும் பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அந்த அம்மா ஆலை வாட்ச்மேனை அழைத்தார். மூன்று முறை எடுக்கவில்லை. கிழிந்த டயரைக் கையில் வைத்திருந்த எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான்காம் முறை எடுத்தார். பேசி முடித்ததும் அந்த அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா இருக்காளாம். இனிமே காத்தக் கொறச்சு அடிங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். உங்கள் ஊரில் டயர் வெடித்தால் எல்லோரும் டயரைத்தானே பார்ப்பார்கள்?